நொச்சிக்குறிச்சியில் இறங்காத பதினொரு கைகள்

நொச்சிக்குறிச்சி பேரூராட்சி மன்றத்தில் தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றுபோனது ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றே முக்கால் மணிக்கு, அதாவது டீக்கடை கோயில்பிச்சை வாழைக்காய் பஜ்ஜித் தட்டோடு உள்ளே நுழைந்த நேரத்தில். நேரத்தை இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம், எங்கள் மன்றத்தில் தீர்மானங்கள் நிறைவேறுவதே பஜ்ஜி வருகிற நேரத்தில்தான். குமாஸ்தா பத்தரை மணிக்கு மூச்சுவிடாமல் வாசிக்க ஆரம்பிப்பார், உறுப்பினர்கள் போனைப் பார்ப்பார்கள், கொட்டாவி விடுவார்கள், கல்யாண வீட்டுக் கதை பேசுவார்கள், பஜ்ஜி வாசம் வாசற்படி ஏறியதும் தலைவர் மேசை மணியைத் தட்டுவார், அதுவரை வாசித்த அத்தனைக்கும் சேர்த்து எல்லோரும் ஒரே தடவையாகக் கை தூக்குவார்கள், தூக்கிய கை இறங்குகிற வழியில் ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு இறங்கும். பன்னிரண்டாம் வார்டு மாசானமுத்து ஒருவர் மட்டும் "எதிர்க்கிறேன், எதிர்க்கிறேன்" என்று தொண்டை கிழியக் கத்துவார், அவருடைய கத்தல் தாங்காமல் மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மன்றம் ஒரு தீர்மானம் போட்டிருந்தது: இம்மன்றத்தில் உயர்ந்த கை மட்டுமே ஓட்டு, வாயால் சொல்லப்படும் எதுவும் பதிவு செய்யப்படாது. இந்தத் தீர்மானத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு வேண்டியிருக்கும்.

அன்றைக்குப் பதினான்கு தீர்மானங்கள். தலைவர் பிறவிப்பெருமாளின் மாமனார் பெயரிலிருந்த தோப்பை ஒட்டிப் பேரூராட்சிக் கடைவளாகம் கட்டுவது ஒன்று, நான்காம் வார்டு பாபநாசத்தின் கொழுந்தியாள் பெயரிலிருக்கிற கடையில் தெருவிளக்கு பல்பு வாங்குவது ஒன்று, ஒன்பதாம் வார்டுக்குக் குடிநீர்க் குழாய் போடுவதை இந்த வருஷமும் ஒத்திவைத்துவிட்டு லாரித் தண்ணீர் டெண்டரை நீட்டிப்பது ஒன்று, இப்படியே சரளை மண், குப்பை வண்டி, கொசு மருந்து என்று பதினான்கு. மணி அடித்தது. பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. செயல் அலுவலர் கிரேஸ் ஜெபக்கனி மேடம் எண்ணி எழுதிக்கொண்டார். பஜ்ஜித் தட்டு மேசைக்கு வந்தது, ஆனால் தட்டை நோக்கி இறங்கியது ஒரே ஒரு கை, ஒன்பதாம் வார்டு பேச்சித்தாயின் கை மட்டும். மற்ற பதினொரு கைகளும் மின்விசிறியைப் பார்த்தபடி அப்படியே நின்றன. தலைவர் இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், பாபநாசம் பக்கத்து நாற்காலிக்காரரின் கையில் தொங்கிப் பார்த்தார், கடைசியில் பஜ்ஜி ஆறிப்போகுமே என்கிற கவலையில் பதினொரு பேரும் இடது கையால் சாப்பிட்டார்கள்.

இதில் யாரும் எதிர்பாராதது வெளியே நடந்தது. பேச்சித்தாயின் புருஷன் ஐகோர்ட்துரை, எங்கள் ஊரில் பெண் கவுன்சிலர்களின் புருஷன்மார்கள் வழக்கமாகச் செய்வது போலப் பேரூராட்சி வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் லாரி இரண்டும் அவனுடையவை. டெண்டர் மட்டும் டிரைவர் கொம்பையா பெயரில். உள்ளே மணி அடித்த அதே நொடியில் ஐகோர்ட்துரையின் வலது கை டீ கிளாஸோடு விருட்டென்று மேலே போய், டீ முழுக்கத் தலையில் கொட்ட, அங்கேயே நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற கொம்பையா, டெண்டர் எடுத்த கொம்பையா, இரண்டு கைகளாலும் முதலாளியின் தலையைத் துடைத்துவிட்டான்.

அந்தக் காட்சியைப் பார்த்த ஊருக்கு விஷயம் விளங்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எவனுடைய பெயர் காகிதத்தில் இருக்கிறதோ அவனுடைய கை இல்லை, எவன் வீட்டுக்கு லாபம் போகிறதோ அவனுடைய கைதான் எழுந்து நிற்கிறது. அவ்வளவுதான். கைக்கு எப்படித் தெரியும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் எங்களுக்கே அது தெரியும், கைக்குத் தெரியாதா?

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் எலும்பு நன்றாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது, கை நல்ல உயரத்தில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். எலும்பு கட்டுகிற வைத்தியர் வேப்பெண்ணெய் தடவி உருவினார், எண்ணெய் அக்குளில் இறங்கியது, கை இறங்கவில்லை. செயல் அலுவலர் மேலிடத்துக்கு விளக்கம் கேட்டு எழுதினார், கை தூக்குவதற்கு விதி உண்டு, இறக்குவதற்கு விதி ஏதும் வகுக்கப்படவில்லை என்று இரண்டே வாரத்தில் பதில் வந்தது. அவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததுதான் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிறகு ஊர் அந்தக் கைகளுக்குப் பழகிக்கொண்டது. ஸ்டார் டெய்லர் மைதீன் பிச்சை ஒரு கை கீழே, ஒரு கை மேலே என்று வெள்ளைச் சட்டை வெட்டப் படித்துக்கொண்டு, கழற்றி மாட்டத் தோளிலிருந்து இடுப்பு வரை பொத்தான் வைத்துக் கொடுத்தார். மேலே போகிற கைக்குத் துணி கொஞ்சம் கூடுதல், கஞ்சி இரட்டிப்பு. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வந்த பாபநாசத்தைப் பார்த்துப் புது டீச்சர் "என்ன சந்தேகம், எழுந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டார், அவரும் எழுந்து நின்றுவிட்டார். அம்மன் கோயிலில் படையல் எலுமிச்சம்பழத்தை ஏலம் விட்டபோது, முன்வரிசையில் கை தூக்கிய நிலையில் உட்கார்ந்திருந்த தலைவர் பிறவிப்பெருமாள்தான் எலுமிச்சம்பழத்தையும், சேலையையும், கடைசியில் கிடாயையும் எடுத்தார். அதிலிருந்து ஏலத்துக்கு அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரப் பழகினார், அப்போதும் கை தெரியத்தான் செய்தது. எல்லாவற்றையும்விட ஊருக்குப் பிடித்துப்போனது பஸ் சங்கதி. தென்காசி எக்ஸ்பிரஸ் எங்கள் ஊரில் நின்றதாகச் சரித்திரமே கிடையாது, மனுக் கொடுத்தோம், மறியல் செய்தோம், டிரைவர்கள் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. இப்போது ரோட்டோரம் யாராவது ஒரு கவுன்சிலர் காற்று வாங்க நின்றால் போதும், நீட்டிய கையைப் பார்த்து எக்ஸ்பிரஸ் பிரேக் அடித்து நின்றது, அந்த இடைவெளியில் நாங்கள் நாற்பது பேர் ஏறிக்கொண்டோம். தங்கள் பிரதிநிதிகளால் பொதுமக்களுக்கு நேரடியாகக் கிடைத்த முதல் நன்மை அதுதான் என்று மாசானமுத்துகூட ஒப்புக்கொண்டார்.

வெட்கம் என்று ஒன்று இருந்திருந்தால் முதல் வாரத்தில் இருந்திருக்கும். ஆடி மாதம் பிறப்பதற்குள் அது போயே போய்விட்டது, போன இடத்தில் பெருமை வந்து உட்கார்ந்துகொண்டது. தலைவரின் ஃபிளெக்ஸ் பேனர்களில் அந்தக் கை மக்களை ஆசீர்வதிக்கிற கையாக மாறியது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் "மாப்பிள்ளைக்குக் கை தூக்கியிருக்கா?" என்று கேட்டார்கள், தூக்கியிருந்தால் மேற்கொண்டு ஒன்றும் விசாரிக்கவில்லை. ஒன்றும் கிடைக்காத இரண்டொருவர் சட்டைக்குள் மூங்கில் குச்சி வைத்துக் கட்டிக் கையைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள், முதுகு அரிக்கும்போது மாட்டிக்கொண்டார்கள். பாவம் பாபநாசம், கறி சாப்பிடக் கை வேண்டும் என்று ஒரு தடவை பல்பு வியாபாரத்தை எழுதிக் கொடுத்து விட்டுவிட்டார், கையெழுத்துப் போட்ட மறுகணம் கை தொப்பென்று இறங்கியது. அப்போதுதான் லாபத்தை விட்டால் கை இறங்கும் என்பது ஊருக்குத் தெரிந்தது. ஆனால் இறங்கிய கையோடு அவர் தெருவில் நடந்தபோது, "என்ன அண்ணாச்சி, தொழில்ல அடியா?" என்று துக்கம் விசாரிப்பது போல விசாரித்தார்கள், மச்சினன் வீட்டு விசேஷத்தில் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். இரண்டே வாரம். மனுஷன் திரும்பவும் பல்பை எடுத்து, திரும்பவும் கையைத் தூக்கிக்கொண்ட பிறகுதான் நிமிர்ந்து நடந்தார்.

இந்தக் கூத்துக்கு நடுவே, தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் பேச்சித்தாய் ஒருத்திதான் இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தாள், அவளைப் பற்றித்தான் நான் சொல்ல வந்ததே.

அவள் பீடி சுற்றுகிறவள். மேட்டுத்தெருவில், அதுதான் ஒன்பதாம் வார்டு, முப்பிடாதி வீட்டு முற்றத்தில் ஒன்பது பெண்கள் தட்டை மடியில் வைத்து வட்டமாக உட்கார்ந்து சுற்றுவார்கள், அந்த வட்டத்தில் தூணுக்குப் பக்கத்து இடம் பேச்சித்தாயுடையது. வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது ஐகோர்ட்துரை அவளை நிறுத்தினான். அவன் லாரிக்காக நிறுத்தினான், அவள் குழாய்க்காக நின்றாள், இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. எட்டாம் வார்டு வரை வந்த குழாய் எங்கள் தெரு முனையில் ஒரு மூடி போட்டு நின்றிருந்தது, வருஷம் ஒன்பது ஆகிறது. வீடு வீடாகப் போய் அடுப்படியில் நின்று அவள் கை கூப்பிச் சொன்னாள்: "நம்ம தெருவுக்குப் பைப்பு வராம ஒங்க யார் மூஞ்சிலயும் நான் முழிக்க மாட்டேன், இது சத்தியம்."

ஜெயித்தாள். மாதாமாதம் மணி அடித்தபோது புருஷன் சொல்லிக் கொடுத்தபடி கை தூக்கினாள், வாசிப்பது எதுவும் காதில் விழாத வேகத்தில் வாசிக்கப்பட்டதால் எதற்குத் தூக்குகிறோம் என்பதே இரண்டு வருஷம் அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது நேரம் கடந்திருந்தது. மேட்டுத்தெருப் பெண்கள் சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை, அவளுடைய சத்தியத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அவள் தெருவில் வந்தால் எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றாலும் முதுகு, கோயிலில் முதுகு, கடையில் முதுகு. "நாங்க என்ன செய்ய மைனி, நீதான மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொன்ன" என்று முப்பிடாதி சுவரைப் பார்த்தபடி மரியாதையாகச் சொன்னாள். ஒரு தெரு முழுக்கப் பின்கொண்டைகளையே பார்த்துக்கொண்டு ஒரு பெண் எத்தனை நாள் நடப்பாள்? வீட்டில் தனியாக உட்கார்ந்து பீடி சுற்றுகிறபோது அழுகை முட்டிக்கொண்டு வந்து புகையிலைத்தூள் நமுத்துப்போனது என்று பின்னால் அவளே எங்களிடம் சொன்னாள்.

ஆவணி மாதக் கூட்டத்தில் இரண்டாவது லாரிக்கும் டெண்டர் கொடுத்தார்கள், ஐகோர்ட்துரையின் இடது கையும் எழுந்தது. அதே கூட்டத்தில் ஒன்பதாம் வார்டுக் குழாய்க்கு வந்திருந்த நிதியைக் கடைவளாகத்தின் மாடிக்கு மாற்றினார்கள், தலைவரின் இடது கையும் எழுந்தது. இரண்டு கைகளும் மேலே போன பிறகு தலைவருக்கு மரியாதை இரட்டிப்பாகிவிட்டது, அவர் கையெழுத்துப் போடுவதற்காகக் குமாஸ்தா ஸ்டூல் மேல் ஏறித் தீர்மானப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஐகோர்ட்துரைக்கு அந்த வசதி இல்லை. அவனுக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, வேட்டி கட்டுவது, மூக்கைச் சொறிந்துவிடுவது எல்லாம் பேச்சித்தாய்தான். போலீஸைப் பார்த்த திருடன் மாதிரி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அவன் பாயில் உட்கார, அவள் சோறு பிசைந்து ஊட்டுவாள்.

புரட்டாசிக் கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானமும் அப்படித்தான் ஊட்டிக்கொண்டிருந்தாள். அன்று காலை அவள் செயல் அலுவலரைப் போய்ப் பார்த்திருந்தாள். போன கூட்டத்தில் யாரோ ஒரு பழைய தலைவருக்கு இரங்கல் வாசித்தபோது, மேடம் தலையைத் தூக்காமலேயே "ஆதரவு பதினொன்று" என்று எழுதியதை அவள் பார்த்திருந்தாள்.

"நிக்கிற கையெல்லாம் ஓட்டுத்தானா மேடம்?" என்று கேட்டாள்.

"உயர்ந்த கை ஓட்டு. உங்க மன்றம் போட்ட தீர்மானம்தாம்மா அது" என்றார் ஜெபக்கனி மேடம். "எதுக்காக உயர்ந்ததுன்னு கேக்கச் சொல்லி எந்த விதியிலயும் இல்ல."

"யார் தீர்மானம் கொண்டாந்தாலுமா?"

மேடம் பேனாவை மூடி வைத்தார். "நீங்களும் உறுப்பினர்தானே, ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, அஜெண்டாவில சேர்த்துருதேன்" என்றார்.

இதைத்தான் அவள் புருஷனிடம் சொன்னாள், முதல் உருண்டையை ஊட்டிவிட்டு. அவனுக்குப் புரையேறியது. அவள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள், லாரித் தண்ணீர்.

"ஏளா, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பைப்பு வந்தா நம்ம வண்டி ரெண்டும் செட்டுல நின்னு துருப்பிடிக்க வேண்டியதுதான்."

"வண்டி செங்கல் ஏத்தும், மணல் ஏத்தும். வாயத் தெறங்க."

"ஊருக்குள்ள எனக்கு எம்புட்டு மரியாதை தெரியுமா? ரெண்டு கை தூக்கினவன் தலைவருக்கு அடுத்தாப்ல நான் ஒருத்தன்தான்."

"அந்த மரியாதைக்கு வேட்டி கட்டிவிடுதது நான்லா? நீங்க போற எடமெல்லாம் ஒங்களுக்கு மூஞ்சி காட்டுதாவ. எனக்கு ஒரு தெருவே முதுகு காட்டுது. ஒரு வருசமா ஒரு பொம்பள என்னய நேருக்கு நேரா பாத்துப் பேசல, அது ஒங்களுக்குத் தெரியுமா?" சொல்லிக்கொண்டே அடுத்த உருண்டையை உருட்டினாள்.

"நாளைக்கு நீ கூட்டத்துக்குப் போவக் கூடாது" என்றான் ஐகோர்ட்துரை.

பேச்சித்தாய் உருண்டையை அவன் வாய்க்கு நேரே கொண்டுபோய் அங்கேயே நிறுத்தினாள். மீன் குழம்புச் சோறு, நெத்திலி. அவன் சோற்றைப் பார்த்தான், தலைக்கு மேலே நிற்கிற தன் இரண்டு கைகளையும் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான்.

"சரி, போயிட்டு வா" என்றான். அவள் ஊட்டினாள்.

மறுநாள் குமாஸ்தா பன்னிரண்டு தீர்மானங்களை ஒரே மூச்சில் வாசித்துவிட்டுப் பதின்மூன்றாவதையும் அதே மூச்சில் வாசித்தார், பாதியில்தான் அவருக்கே காதில் விழுந்தது போல, மூச்சு முட்டி நின்றார். ஒன்பதாம் வார்டு மேட்டுத்தெருவுக்கு உடனடியாகக் குடிநீர்க் குழாய் அமைப்பது, லாரித் தண்ணீர் டெண்டர் இரண்டையும் ரத்து செய்வது, கடைவளாக மாடிக்கு மாற்றிய நிதியைத் திரும்பக் குழாய்க்கே கொடுப்பது. கொண்டுவருபவர் உறுப்பினர் பேச்சித்தாய். எழுத்து அவளுடையது, அஞ்சாம் வகுப்பு எழுத்து, வரி மேலும் கீழுமாக ஏறி இறங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கோயில்பிச்சை பஜ்ஜித் தட்டோடு உள்ளே வந்தான், தலைவரின் வலது கை இறங்காததால் இரண்டு மாதமாக மணி அடித்துவந்த குமாஸ்தா பழக்கத்தில் மணியைத் தட்டிவிட்டார்.

பேச்சித்தாய் கையைத் தூக்கினாள். மற்ற பதினொரு பேருடைய கைகளும் ஏற்கனவே மேலேதான் இருந்தன. மாசானமுத்து பழக்கதோஷத்தில் "எதிர்க்கிறேன்" என்று கத்திவிட்டு, எதை எதிர்த்தோம் என்று விளங்கியதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். நல்ல வேளை, வாயால் சொன்னது பதிவாகாது.

"இதுக்கு நான் ஆதரவு இல்ல!" என்று தலைவர் பிறவிப்பெருமாள் இரண்டு கைகளையும் தூக்கியபடி கத்தினார். "நாங்க யாருமே ஆதரவு இல்ல!"

"வாயால் சொல்றது பதிவாகாதுங்க சார்" என்றார் செயல் அலுவலர்.

"அப்ப கையை எப்படிம்மா எறக்குறது?"

இதற்குப் பேச்சித்தாய்தான் பதில் சொன்னாள். அந்த மன்றத்தில் அவள் வாயைத் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. "பாபநாசம் அண்ணாச்சி எறக்கினாவள்ளா, அதே மாதிரி எறக்குங்க. தலைவரய்யா கடைவளாகத்த விட்டுட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா கை தன்னால எறங்கும், எறக்கிட்டு எனக்கு எதிரா ஓட்டுப் போடுங்க. சரளைக்காரவுக சரளைய விடுங்க, கொசு மருந்துக்காரவுக கொசு மருந்த விடுங்க. ஏழு பேர் எறக்கினாக்கூட என் தீர்மானம் தோத்துரும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், வீட்டுக்குப் போயிருதேன்."

செயல் அலுவலர் பதினொரு வெள்ளைத் தாள்களை மேசையில் வரிசையாக வைத்தார். பதினொரு பேரும் தாளைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், எல்லோரும் மற்றவர் இறக்கட்டும் என்று காத்திருந்தார்கள். பாபநாசத்தின் இடது கை தாள் வரைக்கும் போனது, கடைசிப் பந்தி ஞாபகம் வந்திருக்க வேண்டும், திரும்பி வந்துவிட்டது. தலைவர் தன் வலது கையை அண்ணாந்து பார்த்தார், அதன் நுனியில் தோப்பை ஒட்டிய இருபத்திரண்டு கடைகளும் தெரிந்ததோ என்னவோ, பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. ஒரு கைகூட இறங்கவில்லை.

"ஆதரவு பன்னிரண்டு" என்று ஜெபக்கனி மேடம் எழுதினார். "தீர்மானம் நிறைவேறியது."

அவர் புள்ளி வைத்த நொடியில் தலைவரின் இடது கை விழுந்து மேசை மணியின்மேல் மோதி, மணி தானாக அடித்தது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஐகோர்ட்துரையின் இரண்டு கைகளும் பொத்தென்று மடியில் விழுந்தன. அவன் அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், முதல் வேலையாக ஒரு மாதமாக எட்டாதிருந்த முதுகை ஆசைதீரச் சொறிந்துகொண்டான்.

உள்ளே பேச்சித்தாய் கையை இறக்கப் பார்த்தாள். இறங்கவில்லை.

மூன்று வருஷம் எத்தனையோ தீர்மானங்களுக்குத் தூக்கிய கை, ஒவ்வொரு தடவையும் பஞ்சு மாதிரி இறங்கிய கை. அந்தத் தீர்மானங்களில் அவளுக்கென்று ஒரு சொட்டுக்கூட இருந்ததில்லை, இப்போது இருந்தது. மன்றம் முழுக்க அந்தக் கையைப் பார்த்தது, ஊருக்குள் செய்தி அவளுக்கு முன்னாலேயே போய்விட்டது. "பாத்தியா, இவளுக்கும் பங்கு போயிருக்கு", "பைப்பு கான்ட்ராக்ட்ல கமிஷனா இருக்கும்", "நான் அப்பவே சொன்னேம்லா". கை தூக்கியவர்களுக்கு மரியாதை என்று வைத்திருந்த ஊர், அவள் கையை மட்டும் சந்தேகமாகப் பார்த்தது. எங்களுக்கு இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது, நானும் பார்த்தேன், அப்படித்தான் பார்த்தேன்.

மேட்டுத்தெருவில் அவள் நடந்தபோது முப்பிடாதி வீட்டு முற்றத்து வட்டம் வழக்கப்படி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. பேச்சித்தாய் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கை மேலே.

"ஒனக்கு என்னளா கெடச்சுது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள் முப்பிடாதி.

"எங்க வீட்டுக்கும் ஒரு கொழா உண்டுல்லா மைனி" என்றாள் பேச்சித்தாய். "நானும் தண்ணி எடுக்கணும்லா?"

வட்டத்தில் ஒரு தட்டில் கத்திரிக்கோல் சத்தம் நின்றது, இன்னொன்றில் நின்றது, எட்டாவதும் நின்றது. யாரும் திரும்பவில்லை, சத்தியம் சத்தியம்தானே, தண்ணீர் இன்னும் வரவில்லையே. ஆனால் முப்பிடாதி சுவரைப் பார்த்தபடியே இடது கையால் தன் பாயைக் கொஞ்சம் இழுத்து, தூணுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள். ஒற்றைக் கையால் பீடி சுற்ற முடியாது. ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி, திரும்பிப் பார்க்காமலேயே அவள் தட்டில் எறிந்தார்கள். நான்கு மாதம், குழி வெட்டி, குழாய் புதைத்து, மண் மூடுகிற வரைக்கும் அந்த முற்றத்தில் அப்படித்தான் நடந்தது, எட்டு முதுகும் ஒரு தூக்கிய கையும்.

தை மாதம் தண்ணீர் வந்தது. திறந்து வைத்தது தலைவர்தான், கல்வெட்டில் அவர் பெயர்தான், பேனரில் ஆசீர்வதித்ததும் அவர் வலது கைதான், அதையெல்லாம் கேட்டு உங்களுக்குக் கோபம் வரத் தேவையில்லை, எங்களுக்கே வரவில்லை. மெயின் ரோட்டைத் தொடுகிற தெரு முனையில், ஒன்பது வருஷம் மூடியோடு நின்ற அதே இடத்தில், முதல் குழாய் கர்ரென்று காற்று விட்டு, செந்தண்ணீர் கக்கி, பிறகு தெளிந்து கொட்டியது. வரிசையின் கடைசியில் நின்ற பேச்சித்தாயைப் பார்த்து மேட்டுத்தெரு முழுக்கத் திரும்பியது. முப்பிடாதி கிட்டே வந்து அவள் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "எம்புட்டு நாளாச்சுளா ஒன் மூஞ்சியப் பாத்து, கறுத்துப்போயிட்டியே" என்று சொல்லி ஓவென்று அழுதாள். நாங்கள் குழாயை அடைக்க மறந்து நின்றோம்.

பேச்சித்தாயின் குடம் நிறைந்தது. ஒற்றைக் கையால் அதை இடுப்புக்கு ஏற்ற முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஐகோர்ட்துரை வந்தான், காலையில்தான் லாரியில் செங்கல் நடை அடித்திருந்தான், சட்டையெல்லாம் செம்புழுதி. குனிந்து குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். எங்கள் தெருவில் ஓர் ஆம்பிளை தண்ணீர்க் குடம் சுமந்து பார்த்தவர்கள் யாருமில்லை, கை தூக்கி நின்ற அதிசயத்தை வாயைத் திறக்காமல் ஏற்றுக்கொண்ட நாங்கள் இதை மட்டும் வாய் பிளந்து பார்த்தோம்.

அவன் முன்னால் நடக்க, பேச்சித்தாய் மெயின் ரோட்டோரமாக, தூக்கிய கையோடு பின்னால் நடந்தாள். அப்போது தென்காசி எக்ஸ்பிரஸ் பிரேக் அடித்து அவள் பக்கத்தில் நின்றது. கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா போணும்? வெரசா ஏறுங்க."

"எங்கயும் போகல அண்ணாச்சி" என்றாள் பேச்சித்தாய். "எங்க தெருவுக்குத் தண்ணி வந்திருக்கு. எறங்கி ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

கண்டக்டர் அவளைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், விசில் ஊதினார். பஸ் முழுக்க இறங்கியது.